அச்சு வரிசையில் அக்காவின் பெயர்

பகல் இரண்டு மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரி டூட்டி என்று யார் சொன்னது? ஏய், கதவோரம் இருக்கிறவனே, நீயும் உள்ளே தள்ளி உட்கார்.

விடுமுறை நாள். இருபுறமும் பூட்டிய கிடங்குகள், நடுவே ஒரு சாலை… நாய்கூட இல்லை. அதில் என் நண்பனின் மச்சான் தன் ஆபீஸுக்குப் பைக்கை விரட்டிக்கொண்டு போனான். ஆபீஸ் பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் ஒரு வரி கட்டளை அடிப்பான். பிரிண்டர் ஓடுகிறதா, நிற்கிறதா, யார் அனுப்பியது காத்திருக்கிறது… எல்லாம் கறுப்புத் திரையில் வந்துவிடும்.

அன்று வந்தது ஒரே ஒரு பெயர். ரெக்கார்ட் செக்‌ஷன் அக்கா. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம். ஆபீஸ் கணினியில் அவர் கணக்கை நீக்கியவனே இவன்தான்.

அவர் போன கதையைக் கேளுங்கள். ஒரு விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், பிரிண்டரில் பேப்பர் தீர்ந்ததென்று ஸ்டோர் ரூமுக்குப் போனார். இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது… ஆபீஸில் வேறு யாருமில்லை. போனும், மூச்சிரைப்புக்கு அடிக்கும் ஸ்பிரேயும் மேசைமேல் பையில். வீட்டில் தேட ஆளில்லை. உள்ளே ஒரு பழைய கணினி இருந்தது. அதிலிருந்து பிரிண்டருக்கு அனுப்பலாம், வேறொன்றும் முடியாது.

மறுநாள் மச்சான் வீட்டிலிருந்து பார்த்தான். பேப்பர் இல்லாமல் பிரிண்டர் நிற்கிறது. அக்கா பெயரில் பதினோரு அச்சு வேலைகள் காத்திருக்கின்றன. "இந்த அக்கா ஒரே பட்டனைப் பத்து வாட்டி அமுக்கியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே, தலைப்பைக்கூடப் படிக்காமல், மொத்தமாக அழித்தான். பாவி! பதினொன்றுக்கும் ஒரே தலைப்பு என்பதை, எல்லாம் முடிந்தபிறகுதான் பதிவில் பார்த்தான்.

'தம்பி, கதவைத் திற.'

நண்பனிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறான். ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு வருடம் கழித்துத் திரையில் மறுபடி அந்தப் பெயரைப் பார்த்ததும் அவன் உட்காரவில்லை. "யாராவது உள்ள மாட்டியிருந்தா? போன தடவை மாதிரி விட முடியாது மாமா" என்று, வீட்டுக்கு வந்திருந்த என் நண்பனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

நண்பன் லேப்டாப் முன்னால் காத்திருந்தான். இருபது நிமிடம்… நாற்பது… மச்சானுக்கு லைன் போகவில்லை. மேல் அம்பை அழுத்தி என்டர் தட்டினால் பழைய கட்டளையே மறுபடி ஓடும், தட்டினான். அக்கா பெயர் இல்லை. மச்சான் பெயர் இருந்தது. மறுபடி தட்டினான். இரண்டு… மூன்று… தலைப்பு அதே 'கதவைத் திற'தான்.

நண்பன் ஓடினான். ஸ்டோர் ரூம் வாசலில், மச்சான் கதவுக்கு அண்டைகொடுத்த செங்கல் தனியே கிடந்தது. கதவை இழுத்தான். வேர்வையும் பழைய காகிதமும் கலந்த வாடை… மச்சான் தரையில் கிடந்தான். நல்லவேளை, உயிர் இருந்தது.

நண்பன் சுற்றிப் பார்த்தான். வெறும் பேப்பர் கட்டுகள். அக்கா செத்த வாரமே கணினியைத் தூக்கிவிட்டார்கள். கைப்பிடியைத்தான் மாற்றவில்லை, புண்ணியவான்கள்.

"எதுலடா அனுப்புன?"

"நான் அனுப்பல மாமா… இருட்டுல டக்கு டக்குனு யாரோ தட்டற சத்தம். அப்புறம் காதுகிட்ட மூச்சு இரைக்குது…"

"யாருடா?"

"'என் பேர்ல அனுப்பினா அழிச்சிடுவாங்க தம்பி, உன் பேர்ல அனுப்பறேன்'னு சொன்னாங்க மாமா."