எதிர்ப் பூங்காவில் ஐம்பத்தைந்து நிமிடம்

ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை. ஆனால் வாசலில் ‘இன்னும் இத்தனை நிமிடம்’ என்று ஒரு பலகை மாட்டுங்கள். பாதிப் புலம்பல் அடங்கிவிடும். என் தொழிலே அதுதான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டருக்கு நான்தான் பொறுப்பு. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பூங்கா. எங்கே கூட்டம் குறைவு, எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று போனில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஜனங்கள் காரைத் திருப்புவார்கள். அவர்களிடம் ஐம்பத்தைந்து நிமிடம். எங்களிடம் எழுபது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டி கிளம்ப இரண்டு பச்சைப் பொத்தான்கள் அழுந்த வேண்டும். இடப்பக்கத்து ஆள், மடியைப் பிடிக்கும் கம்பிகளை இழுத்துப் பார்த்து ஒன்றை அழுத்துவான். வலப்பக்கம் என் மச்சினன், மனைவியின் தம்பி, அதே கம்பிகளை மறுபடி இழுத்துப் பார்த்து மற்றதை அழுத்துவான். அதிலேயே ஒரு முழு நிமிடம் போய்விடும். அவனுடைய பொத்தானை அழுத்தி, மேலே டேப் ஒட்டிவிட்டேன்.

“மாமா, ரெண்டாவது தடவை இழுத்துப் பாக்காம எப்படி அனுப்புறது?” என்றான்.

“அதான் ஒருத்தன் பாத்தாச்சுல்ல. நீ சிரிச்சு கையசைச்சு அனுப்பு, போதும்.”

நான் வாங்கிக்கொடுத்த வேலை, சொன்னபடியே கையசைத்து அனுப்பினான். நன்றாகவே சிரிப்பான். மறுவாரமே நாற்பது நிமிடம், அப்புறம் முப்பது. முதலாளி கேக் வெட்டினார். பெரிய துண்டு எனக்கு. எதிர்ப் பூங்காவிலிருந்து வேவு பார்க்க வந்தவன்கூட ஒரு சுற்றுப் போய்வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வரிசைப் பலகையில் பதினெட்டு நிமிடம். மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கை காலியாகத் திரும்பி வந்தது. போகும்போது அதில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். இடப்பக்கத்து ஆள் அவள் கம்பியைத் தவறவிட்டிருக்கிறான். ஒருவன் விட்டதை மற்றவன் பிடிக்கத்தான் இரண்டாவது இழுப்பு என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் தண்டவாளத்துக்கு அடியில் ஓடினார்கள். நான் டேப்பை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் ஆட்கள் கேட்டபோது, மச்சினன் சரிபார்க்காமல் அழுத்தியிருப்பான் என்றேன். இருபது நாளாக உள்ளே இருக்கிறான்.

நேற்று மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். “என் தம்பி வெளிய வர்ற வரைக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்றாள். அதனால்தான் வந்தேன். இதோ அந்த டேப். ஒட்டியது நான், உரித்தது நான், பொய் சொன்னதும் நான். அவனை விட்டுவிடுங்கள், இனியும் காக்க வைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. எதிர்ப் பூங்காவுக்குப் போயிருந்தால் அவள் ஐம்பத்தைந்து நிமிடம் கால்கடுக்க நின்றிருப்பாள். எங்களிடம் பதினெட்டே நிமிடம்தான்.