மரச்சீனியிடம் பாஸ்போர்ட் கேட்ட கதை

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் ஜெயசிங் ஐயா அவர்களே! என் தலையை உருட்டவே இக்கூட்டத்தைக் கூட்டிய பெற்றோர் சங்கச் செயலாளர், சாப்பாட்டுக் கடை டைட்டஸ் அண்ணன் அவர்களே! பெருமூச்சோடு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அனல் பறக்க வந்திருக்கும் அன்னையரே! அத்தனைக்கும் காரணமாகி, ஒன்றும் அறியாதவர்போல் தரையில் அமர்ந்திருக்கும் என் ஐந்தாம் வகுப்புச் செல்வங்களே! அறிவியல் ஆசிரியை நஸீபாவின் நடுக்கம் கலந்த வணக்கம்!

நம் மண்ணின் செடியையும் நம் மண்ணின் உணவையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று பள்ளியின் பின்புறம் தோட்டம் போட்டேன். தூதுவளை வைத்தேன், நல்லமிளகைப் படரவிட்டேன், சக்கை எனும் பலாக் கன்று நட்டேன். நடுநாயகமாய் எதை வைத்தேன்? மரச்சீனியை, வெளியூரார் மரவள்ளிக் கிழங்கு என்பார்களே, அதை வைத்தேன்! 'மண்ணின் மைந்தன்' என்று பலகையும் நட்டேன். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாத குமரி மாவட்டத்தை எவரேனும் கண்டதுண்டா?

வகுப்பில் மாணவி ரிஸ்மா எழுந்தாள். "டீச்சர், அது பிரேசில்ல இருந்து கப்பல்ல வந்ததாக்கும். புத்தகத்துல கெடக்கு."

புரட்டினேன். கிடந்தது! வெட்கத்தை மறைக்க, "வெளியிலிருந்து வந்ததற்கெல்லாம் 'விருந்தாளி' என்று அட்டை கட்டுங்கள்" என்றேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல மறந்தேன். அதுதான் பெருமக்களே, நான் செய்த பிழை.

ரப்பருக்கு அட்டை! முந்திரி காய்க்கும் கொல்லாமாவுக்கு அட்டை! மறுநாள் டைட்டஸ் அண்ணனின் 'நம்ம மண்ணு' கடைக்குள் படை புகுந்தது. மரச்சீனிக்கு அட்டை! தக்காளிக்கு அட்டை! வத்தல் மிளகாய்க்கு அட்டை! அண்ணன் ஓடிவந்தார். "டீச்சர், எனக்க கடையில இப்ப மீனும் உப்பும் நானும்தான் மிச்சம்!" (உட்காருங்கள் அண்ணா, உங்கள் முறை வரும்.)

நேசபாய் அக்கா அழுதார். "எனக்க மொவன் பிரபின் மரச்சீனியப் பாத்து பாஸ்போர்ட் எங்கன்னு கேக்குதான் டீச்சர்! மூணு நாளா சக்கையத் தின்னு வயிறு ஊதிக் கெடக்கான்!" பின்வரிசையில் சிரிக்காதீர்கள். ஊதியது உண்மை.

ஆகவே இன்றைய தீர்மானம்: தோட்டத்தை உழுது வண்டிக் கொட்டகை போடுவது, இனி இந்த வகுப்பே வேண்டாம் என்பது. மூன்றாண்டு உழைப்பு ஐயா!

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காலையில் தோட்டத்துக்குப் போனேன். ஒவ்வோர் அட்டையிலும் புதிதாய் ஒரு வரி! 'விருந்தாளி. பிடுங்க வேண்டாம்.'

"ஏட்டி, இது என்ன?" என்றேன்.

ரிஸ்மா சொன்னாள்: "விருந்தாளின்னு எழுதினதும் எல்லாரும் வெட்ட வாறாவ டீச்சர். வந்தவங்களுக்குச் சோறுல்லா போடணும்?"

சொல்லிவிட்டு என் கழுத்திலும் ஒன்றை மாட்டினாள். இதோ, இதுதான்! படிக்கிறேன், கேளுங்கள். 'நஸீபா டீச்சர். மேலப்பாளையத்துல இருந்து கல்யாணம் கழிஞ்சு வந்தது. பதினாலு வருஷம் ஆச்சு. வேர் பிடிச்சாச்சு. பிடுங்க வேண்டாம்.'

தோட்டத்தை உழ வேண்டும் என்போர் கை தூக்குங்கள்! ஆனால் உழவை என்னிடமிருந்து தொடங்குங்கள்! யார் தூக்குகிறீர்கள்? யார்? டைட்டஸ் அண்ணா, கை ஏன் பாதியில் நிற்கிறது?

இறங்கிவிட்டது! நன்றி அண்ணா! தூக்காத கைகள் அத்தனைக்கும் நன்றி! தோட்டத்தருகே பந்தி விரித்திருக்கிறோம்: மரச்சீனியும், நல்லமிளகு அரைத்த மீன்கறியும். விருந்தாளியும் வீட்டாரும் ஒரே இலையில்! அனைவரும் கை நனைத்துவிட்டே போக வேண்டும்.

பிரபின், பாஸ்போர்ட் கேட்காமல் தின்னு மக்கா! வணக்கம்!