கபினைத் துடைத்தவள்

வெயிலில் சூடேறிக் கிடக்கும் தோல் இருக்கையைத் துடைக்கக் கூடாது. பலருக்கு இது தெரியாது. துடைக்கிற மருந்து பரவுவதற்குள் காய்ந்துபோய், தோலில் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அதனால் நான் எப்போதும் லொறியை ஷெட்டுக்குள் நிறுத்தச் சொல்லி, கதவு இரண்டையும் திறந்துவைத்து, இருக்கை ஆறும்வரை காத்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதென்றால், மற்ற ஞாயிறுகளில் என்ன செய்வேன் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மொழிபெயர்க்கிற அக்காவுக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். அவர் தமிழ்நாட்டுக்காரர். நான் கதிரை என்றபோது ஒரு கணம் யோசித்தார். ஆகவே இருக்கை என்றே சொல்கிறேன்.

என் பெயர் உங்களுக்குத் தெரியும், யாமினி. அனோஜன் என் கணவர். சிட்னியில், டூங்கபியில், ரயில்நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிளாட்டில் இருக்கிறோம். அவர் சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் இடையே லொறி ஓட்டினார். திங்கள் விடியப் போனால் வெள்ளி பின்னேரம் வருவார். சனிக்கிழமை முழுவதும் படுப்பார். ஞாயிறு மட்டும்தான் எனக்கு. அந்த ஞாயிறிலும் பாதியை அவர் ஈஸ்டேர்ன் கிறீக்கில், கம்பனி ஷெட்டில்தான் கழிப்பார். புது லொறி கொடுத்திருந்தார்கள். கறுப்புத் தோல் இருக்கை, பின்னால் படுக்கை, சின்னக் குளிர்பெட்டி. எங்கள் பிளாட்டை விட அது வசதியான வீடு. அவர் அங்கே போகிறார் என்றால் நானும் போகிறேன் என்று சொல்லித்தான் துடைக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். அவர் வெளியே டயரையும் எண்ணெயையும் பார்ப்பார். நான் உள்ளே, ஓட்டுநர் கபினுக்குள் இருப்பேன்.

நன்றாகவே செய்தேன். முதலில் பிரஷ் பூட்டிய வாக்குவம் கிளீனரால் இடுக்குகளில் கிடக்கும் மண்ணையும் துணுக்குகளையும் எடுக்க வேண்டும். மண்ணோடு துடைத்தால் தோல் கீறும். மருந்தை இருக்கையில் நேரே ஊற்றக் கூடாது, துணியில் எடுக்க வேண்டும். தையல் ஓரங்களுக்கு மெல்லிய பிரஷ். பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, கடைசியில் தோலுக்குப் பூசுகிற கிரீம். டாஷ்போர்டுக்கு வேறு திரவம் இருக்கிறது, பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்காமல் காப்பதற்கு. அதைப் பூசினால் புதிது போல மினுங்கும். அவர் ஏறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

"உமக்கென்ன விசரே, ஒரு லொறிக்கு இவ்வளவு பாடுபடுறீர்?" என்பார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் பாடுபட்டேன். வீட்டில் அவர் அவ்வளவு சிரிப்பதில்லை.

எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை வந்து, பிறக்காமலே போனாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்த காலம். எனக்கு வலி வந்தபோது அவர் அங்கால் மெல்பேர்ணில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு யோகா அன்ரிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. அவர் அடுத்த நாள் வந்து கட்டிலருகே நின்றார். என் கையைப் பிடித்தார். அழவில்லை. நான் அழுதேன், அவர் நின்றார். பலமான மனிதர் என்று யோகா அன்ரி சொன்னா. நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

சில கிழமைக்குப் பிறகு கபினைத் துடைக்கப் போனபோது, ஓட்டுநர் பக்கக் கதவின் பைக்குள் கசக்கிய கடதாசிக் கைக்குட்டைகள் நிறைந்து கிடந்தன. படுக்கையின் தலையணைக்குக் கீழே, ஸ்கேனில் எடுத்த பிள்ளையின் படம் இருந்தது. நான் வீடு முழுக்கத் தேடிய படம். அவர் அழுதிருக்கிறார். எங்கள் வீட்டில், என்னோடு அல்ல. அந்த லொறிக்குள், தனியாக, ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில். அந்த லொறி என்னிடமிருந்து வேறு எதை எடுத்தாலும் பொறுத்திருப்பேன். அவருடைய அழுகையை அது எடுத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். கைக்குட்டைகளைக் குப்பையில் போட்டு, கதவுப் பையைத் துடைத்து விட்டேன். இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

பலதடவை கேட்டிருக்கிறேன், சிட்னிக்குள்ளேயே ஓடுகிற வேலை எடுங்கள் என்று. பின்னேரம் வீட்டுக்கு வரலாம். பார்ப்போம் என்பார். பிறகு, கம்பனி தூர ஓட்டத்துக்குத்தான் தன்னை வைத்திருக்கிறது என்பார். யோகா அன்ரியின் கணவரும் அதே கம்பனிதான். ஒருமுறை லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது வாசல் கம்பத்தில் இடித்துவிட்டார். பெரிய சேதமில்லை. ஆனால் கம்பனி அவரை நெடுந்தூரத்திலிருந்து எடுத்து, உள்ளூர் ஓட்டத்தில் போட்டுவிட்டது. அன்ரி தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைக் குறையாகச் சொன்னா. எனக்கு அது குறையாகப் படவில்லை. தினமும் இருட்டுமுன் கணவர் வீட்டுக்கு வருகிறார் என்பதுதான் எனக்குக் கேட்டது.

நான் விரும்பியது அவ்வளவுதான். ஒரு கம்பம். உடைந்த ஒரு விளக்கு. ஷெட் வாசலில், மெதுவாகப் போகும்போது. இதை நீங்கள் எழுத வேண்டும். யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை நான்.

அந்தப் பிளாஸ்டிக் திரவத்தின் போத்தலில் எழுதியிருக்கிறது, ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பூசக் கூடாது என்று. வழுக்குமாம். அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஞாயிறு இருக்கையை முடித்து, டாஷ்போர்டை முடித்து, கதவுகளை முடித்தேன். துணியில் இன்னும் மிச்சம் இருந்தது. குனிந்து பிரேக் பெடலின் இறப்பரில் பூசினேன். இறப்பரில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். வரிகளுக்குள்ளும் போகும்படி பழைய பல் பிரஷால் தேய்த்தேன். ஸ்டியரிங்கில் பூசவில்லை. அது கையில் உடனே தெரிந்துவிடும், தவிர அவருக்குக் கையில் எண்ணெய்ப்பசை பிடிக்காது.

அவர் ஏறிப் பார்த்தார். வழக்கம்போலச் சிரித்தார். வீட்டுக்கு வந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.

திங்கள் விடியற்காலையில் போனார். ஷெட் வாசலில் ஒன்றும் நடக்கவில்லை. சிட்னித் தெருக்களிலும் ஒன்றும் நடக்கவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. ஃபோனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே மழை. ஒன்றும் நடக்காதது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

மத்தியானத்துக்குக் கிட்ட, ஹியூம் நெடுஞ்சாலையில் வீதித் திருத்தவேலைக்காக வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு சின்னக் கார் நின்றது. அவர் தூரத்திலேயே அதைக் கண்டாராம். பிரேக்கில் கால் வைத்தாராம், கால் நிற்கவில்லையாம். மறுபடி வைத்தாராம். மிச்சம் உங்கள் கோப்பில் இருக்கிறது. காரில் இருந்த பெண்ணின் பெயர் மெலனி. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவ. அவ அந்த இடத்திலேயே இறந்துபோனா. அனோஜனுக்கு இரண்டு விலா எலும்பும் ஒரு கையும் முறிந்தன.

அவருக்கு ஜாமீன் கொடுத்தார்கள், லைசென்சைப் பறித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இது விளங்காது. அவர் எல்லா நாளும் வீட்டில் இருந்தார். கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் நான்தான் சாப்பாடு ஊட்டிவிட்டேன், குளிக்க வார்த்தேன். பின்னேரங்களில் ஓடைக்கரைப் பாதையில் நடந்தோம். அவர் என் மடியில் தலைவைத்து அழுதார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் என்னிடம் அழுதது அப்போதுதான். மெலனிக்காக அழத் தொடங்கி, எங்கள் பிள்ளைக்காகவும் அழுதார். தலையணைக்குக் கீழே படம் வைத்திருந்ததை அவராகவே சொன்னார்.

"நான் ஒரு மனுசியைக் கொன்றுபோட்டன், யாமினி" என்பார்.

"வேணுமெண்டு செய்யேல்லைத்தானேயப்பா" என்று தலையைத் தடவிவிடுவேன்.

அது உண்மைதானே. அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

பிரேக்கைப் பரிசோதித்தார்கள், பழுதில்லை என்றார்கள். அவர் நித்திரை கொண்டிருக்கலாம், ஃபோனைப் பார்த்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். கால் வழுக்கியது என்று அவர் சொன்னதை அவருடைய வழக்கறிஞரே முழுதாக நம்பவில்லை. கடைசியில் அவருக்கே தன் கால்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒருவேளை கண் அயர்ந்திருப்பேன், எனக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் அப்படிச் சொல்கிறபோது மெல்லிய குரலில் சொல்வார், என்னை இன்னும் கிட்டப் பிடித்துக்கொள்வார்.

போன கிழமை நீதிமன்றத்துக்குப் போயிருந்தோம். வெளியே படிக்கட்டில் மெலனியின் தகப்பன் அவரிடம் வந்தார். வயதானவர். சத்தம் போடவில்லை. உன்னைத் தண்டித்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏன் நிற்கவில்லை என்று மட்டும் சொல், அது தெரியாமல் எனக்குப் படுக்க முடியவில்லை என்றார். எனக்கே தெரியவில்லை என்றார் அனோஜன். நான் பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் என்னையும் பார்த்துத் தலையசைத்தார். எனக்கும் கவலை இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நேற்றுக் காலை அனோஜன் சாப்பாட்டு மேசையில் இருந்து சொன்னார்.

"நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போறன். அந்த மனுசனுக்குக் காரணம்தான் சொல்லத் தெரியேல்லை. பொறுப்பையாவது எடுக்கவேணும்."

"மறியலுக்கெல்லோ போடுவாங்கள்" என்றேன். மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறை.

"ஓம். எத்தினை வருசமெண்டாலும் இருந்திட்டு வாறன்."

இருந்திட்டு வாறன் என்றார். ஒவ்வொரு திங்களும் கதவடியில் நின்று போயிட்டு வாறன் என்பாரே, அதே குரல். என்னைக் கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, பெடலில் பூசியது நான்தான் என்று சொன்னேன்.

அவர் சிறைக்குப் போகக் கூடாது. போக வேண்டிய குற்றம் அவர் செய்யவில்லை. அந்த லொறி இன்னும் உங்கள் பொறுப்பில்தானே இருக்கிறது. பெடலின் வரிகளுக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் அவருடைய ஃபோன் பதிவைப் பார்த்திருப்பீர்கள். அன்று காலை கோல்பேர்ணுக்குக் கிட்ட நிறுத்தி எனக்கு எடுத்திருந்தார். மனைவியோடு வழக்கமான பேச்சு என்று அவர் உங்களிடம் சொன்னார். அவருக்கு அப்படித்தான் ஞாபகம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

"பெடலுக்கும் ஏதும் பூசினனீரோ? கால் நிக்குதில்லை" என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பார். மெலனி வீட்டுக்குப் போயிருப்பா. நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தது. மெல்பேர்ணுக்குத்தான் போவார்.

"இல்லையப்பா. மழையெல்லோ, சப்பாத்து ஈரமாக்கும்" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும். சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு வெளிக்கிடுறன். நீர் சாப்பிட்டனீரோ?"

சாப்பிட்டேன் என்றேன்.

அவருக்கு நீங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பி, என்னைப் பார்க்க வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டாராம். அதை நீங்கள் வேறு விதமாக நினைக்க வேண்டாம். அவர் எதையும் முதலில் தனியாக இருந்துதான் யோசிப்பார். அது அவருடைய பழக்கம், எனக்குத் தெரியும். பெண்களுக்கான சிறையில் பார்வையாளர்களை எந்த நாளில் விடுவார்கள் என்று மட்டும் விசாரித்து அவருக்குச் சொல்லிவிடுங்கள். எந்த நாளானாலும் அவருக்குச் சரிதான். இனி அவருக்கு என்னை விட்டால் போவதற்கு வேறு இடமில்லை.