பொட்டல இயந்திரத்தின் மேல் நான் எறிந்த மிட்டாய்

பெயர்: ஒரின்குல் செய்தக்மெத். வயது: 57. கணவர் பெயர்: கெங்கெஸ், நகரப் பேருந்து ஓட்டுநர். முகவரி: 14, கால்வாய்த் தெரு, தராஸ் கிழக்கு. தொழில்: தொழிற்பேட்டையிலுள்ள குர்த் ஆலையில் பொட்டலப் பகுதி மேற்பார்வை. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. மேற்படி ஆலையின் புது இயந்திரம் பழுதானது குறித்து விசாரித்ததில் நான் சொன்னதாவது:

ஆலையின் உரிமையாளர் பல்சியா எனக்குப் பக்கத்து வீடு. உப்புத் தயிரைப் பிழிந்து, உருட்டி, கூரையில் காயவைத்து, அந்தக் குர்த்தைப் பேருந்து நிலையத்தில் கூவி விற்றவள். சாலை அகலமானதும் லாரிகள் வந்தன. லாரிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கேட்டார்கள். அதன் பிறகு கொட்டகை எடுத்தாள், அதன் பிறகு தொழிற்பேட்டையில் இடம் கிடைத்தது. இன்று எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக நாற்பது பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறோம். போன மாதம் தலைநகரத்துக் கடைக்காரர்கள் பெரிய ஆர்டர் கொடுத்தார்கள். கையால் கட்டி மாளாது என்பதால் வெளிநாட்டிலிருந்து பொட்டல இயந்திரம் வரவழைத்தாள்.

இயந்திரம் ஓடத் தொடங்கும் நாளில் ஷாஷு போட என்னை அழைத்தாள். இதை எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்கு ஷாஷு தெரியும். இதைப் படிக்கப்போகும் இயந்திரக் கம்பெனிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நல்லது நடக்கும் இடத்தில் அந்த நல்லதின் மேலேயே மிட்டாயை அள்ளி எறிவது எங்கள் வழக்கம். விழுந்ததைப் பொறுக்குகிறவருக்கும் அந்த நல்லதில் ஒரு பங்கு உண்டு. எங்கள் ஊரில் இப்போது மாதத்துக்கு ஒரு திறப்பு விழா. நூடுல்ஸ் ஆலை, செங்கல் சூளை, பல் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நான்தான் போட்டேன். எனக்குக் கைராசி என்று பேர். இந்த அதிகாரியின் கல்யாணத்துக்கும் நான்தான் போட்டேன், அவருக்கு இரட்டைக் குழந்தைகள். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். எழுதச் சொன்னேன்.

அன்று காலை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெண்கள் எல்லோரும் புது வெள்ளை அங்கி போட்டு, ஒருத்தியை ஒருத்தி டாக்டரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தைப் பொருத்துவதற்காக அல்மாட்டியிலிருந்து வந்த பொறியாளர் ஒல்ஜாஸ், மூடியைத் தூக்கி உள்ளே எல்லாம் ஓடுவதை விருந்தினர்களுக்குக் காட்டினார். அதன் பிறகு பல்சியா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் முதல் பிடியை அவள் தலை மேல் எறிந்தேன், இரண்டாவதைப் பெண்கள் மேல் எறிந்தேன், அதன் பிறகு மூடி திறந்தே இருந்த இயந்திரத்தின் மேல் எறிந்தேன். எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். நகராட்சிக்காரர்களும் பொறுக்கினார்கள்.

அப்போது இயந்திரம் எலும்பு கடிக்கும் நாய் மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதன் பிறகும் சில பொட்டலங்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் குர்த்தோடு ஒரு மிட்டாய். அவற்றை விருந்தினர்கள் விசேஷத்துக்காகச் செய்தது என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். உப்பும் இனிப்பும் நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவர் வீட்டிலிருந்து மறுநாள் போன்கூட வந்தது. ஆனால் இயந்திரம் நின்றது நின்றதுதான். உள்ளே சூடான பாகத்தில் மிட்டாய் உருகி இறுகி, பல்சக்கரம் உடைந்துவிட்டது.

அதன் பிறகு கம்பெனி அலுவலகத்திலிருந்து, யாரோ வேண்டுமென்றே பொருளை வீசினால் இலவசமாகப் பழுது பார்க்க மாட்டோம், முதலில் போலீசில் புகார் கொடுங்கள் என்றார்கள். ஒல்ஜாஸ் புகார் கொடுத்தார். செலவைப் பல்சியாவே ஏற்க வேண்டுமானால் அவளால் முடியாது. ஆர்டர் போய்விடும், புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

இன்று போலீஸ் நிலையத்தில் அதிகாரி தேநீர் கொடுத்து, என்னிடம் நயமாகச் சொன்னார்: "பெரியம்மா, கை தவறிடுச்சுன்னு ஒரு வரி சொல்லுங்க. விபத்துன்னு ஆயிடும். நீங்களும் வீட்டுக்குப் போயிடலாம், ஆலையும் ஓடும்."

நான் முடியாது என்றேன். கை தவறிக் கொட்டினால் அது வெறும் சிந்தின மிட்டாய். அதைப் பெருக்கித்தான் தள்ளுவார்கள், யாரும் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார்கள். தவிர, கை தவறுகிறவள் என்று பேரெடுத்தால் அடுத்த கல்யாணத்துக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்? எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு அதிகாரி வெளியே காத்திருந்த பல்சியாவை உள்ளே கூப்பிட்டார். அவள் உட்காரவில்லை.

"அக்கா, ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டுப் போயேன். நாப்பது பேர் வயித்துல அடிக்காத. உனக்கு உன் கைராசிதான் பெருசாப் போச்சா?"

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கூரையில் குர்த் காயும்போது மழை வந்தால் என் வீட்டுத் துணியை விட்டுவிட்டு அவள் குர்த்தை அள்ளினவள் நான். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

"உன் ஆலை நல்லா இருக்கணும்னு நெனச்சுத்தான்டி போட்டேன். தவறி விழுந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டா, நான் அப்படி நெனைக்கவே இல்லன்னு ஆயிடும். வேற என்ன வேணாலும் எழுதச் சொல்லு, போடறேன். என்னை ஜெயில்ல போடணும்னாலும் சரி."

பல்சியா சுவரைப் பார்த்து நின்று மூக்கைச் சிந்தினாள். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

அப்போது கதவருகே நின்றிருந்த ஒல்ஜாஸ் உள்ளே வந்தார். புகார்க்காரர் இருக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லியும் போகவில்லை. அவர் சொன்னது: "பெரியம்மா, மூடியைத் திறந்தா மெஷின் தானா நின்னுடும், அதுக்கு உள்ள ஒரு பூட்டு இருக்கு. ஓடறதை அவங்களுக்குக் காட்டணும்னு அந்தப் பூட்டை நான்தான் கழட்டி வெச்சேன். புகார்ல மிட்டாயை மட்டும் எழுது போதும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் எழுதிட்டேன்."

அதிகாரி, சத்தம் கேட்டதும் ஏன் நிறுத்தும் பட்டனை அழுத்தவில்லை என்று கேட்டார். மிட்டாய் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று ஒல்ஜாஸ் சொன்னார். அவர் மேஜைக்கு அடியில் குனிந்திருந்ததை நான் அன்றே பார்த்தேன், இரண்டு மிட்டாய் எடுத்தார். நேற்றைய விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. ஷாஷு பொறுக்கினவனைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. அவரே சொல்லிவிட்டதால் இப்போது சொல்கிறேன்.

"எதுக்குடா எடுத்தே?" என்று கேட்டேன்.

"அம்மா பொண்ணு பாத்துட்டு இருக்காங்க, பெரியம்மா. ரெண்டு வருஷமா."

"மெஷினுக்குப் போட்ட மிட்டாயைத் தின்னா மெஷின்தான்டா பெண்டாட்டியா வரும்" என்றேன். முதலில் சிரித்தது பல்சியாதான். அதன் பிறகு அதிகாரியும் சிரித்தார்.

அதன் பிறகு ஒல்ஜாஸ் என் எதிரிலேயே அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் நிறையத் திட்டினார்கள், எங்களுக்கே கேட்டது. பொருத்தியவரின் தவறு என்பதால் கம்பெனி செலவிலேயே பல்சக்கரம் அனுப்புவதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வேலை போய்விடுமா என்று கேட்டேன். இந்த ரக இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் நாட்டிலேயே அவர் ஒருவர்தானாம், திட்டோடு சரியாம். பக்கத்து அறையில் அவர் வாக்குமூலம் தனியாக எழுதப்படுகிறது. சக்கரம் வந்ததும் மூடியை மூடிவிட்டு மறுபடி ஷாஷு போடச் சொல்லி பல்சியா கேட்டிருக்கிறாள். நான் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போடுவேன் என்று அவளுக்கும் தெரியும்.

இனி வழக்கு நிற்காது, ஆகவே "தெரிந்தே எறிந்தேன்" என்ற சொற்களை எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். அப்போது பல்சியா குறுக்கிட்டு, "தம்பி, அவ சொன்னபடியே எழுதுங்க. எனக்குத் தவறி விழுந்தது வேணாம்" என்றாள்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். மிட்டாயை நான் தெரிந்தே, குறி பார்த்து, அந்த ஆலையும் அதில் வேலை செய்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று எறிந்தேன். இதில் சொன்னவை அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, எதுவும் கை தவறி விழவில்லை.

(ஒப்பம்) ஒரின்குல் செய்தக்மெத்