வெள்ளை டை, கறுப்பு டை

– கக்கூஸ் கதவைச் சாத்துடா மினோவா! பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?

– ஒருத்தரும் வரல மேஸ்திரி. அவங்க காரிய வீட்டுக்காரங்க. பாவம், பாட்டு முடியற வரைக்கும் மூச்சுக்கூட விடாம உக்காந்திருந்துட்டு, கடைசியில கை வேற தட்டுனாங்க.

– எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாங்க. கல்யாண ஹால்தான்னு பக்கத்து ஹாலுக்குள்ள நுழைஞ்சிட்டேன்.

– கல்யாணத்துக்கும் கறுப்புக் கோட்டு, காரியத்துக்கும் கறுப்புக் கோட்டு. டையைப் பார்க்க வேணாமா? கல்யாணம்னா வெள்ளை டை. அங்க அத்தனை கழுத்துலயும் கறுப்பு!

– சாரத்துல ஏறுறவன் காலடியைத்தான் பார்ப்பான். அடுத்தவன் கழுத்தைப் பார்த்தா விழுந்து சாவான்.

– மேடையில கறுப்பு ரிப்பன் கட்டின படம் இருந்துச்சே? அதுக்கு நேரா நின்னுல்ல பாவாடையைச் சுழட்டி இடுப்பை ஆட்டினீங்க!

– நம்ம மாப்பிள்ளை கசுமாவோட அப்பான்னு நினைச்சேன்டா. அப்பா அம்மா இல்லாத பய, கல்யாணத்துல படத்தையாவது வச்சிருக்கானேன்னு கண்ணு கலங்கிருச்சு. அதான் கொஞ்சம் கூடவே ஆட்டிட்டேன்.

– தலைக்கு மேல ரெண்டு கையாலயும் முயல் காது வேற.

– பாட்டுல அந்த இடத்துல டிவில ஆடுற அஞ்சு பொண்ணுங்களும் காட்டுதுங்கள்ல? மீன் மார்க்கெட்டு, குளியல் கூடம், எங்க போனாலும் அந்த ‘ஞாயித்துக்கிழமை மின்னல்’ பாட்டுதான். மாப்பிள்ளைகூட வேலை பாக்குறவங்க ஆடணும்ங்கிறது முறை. ஆடினா அதுதான் ஆடணும். ஆமா, இசோபே எங்க?

– அங்கேயே உக்காந்துட்டாரு. செத்தவரோட சம்சாரம் ஒரு கிண்ணம் சாகே ஊத்திக் குடுத்துச்சு. பாவாடையோட சம்மணம் போட்டு இறால் தின்னுக்கிட்டிருக்காரு.

– பாவி! நடுவுல ஆடுறவனே அவன்தான். நடு ஆள் இல்லாம மின்னல் எங்க மின்னும்?

– விட்டுருவோம் மேஸ்திரி. பொண்ணோட அப்பா ஹெட்மாஸ்டரு. சாரம் கட்டுறவனா மாப்பிள்ளைன்னு, நிச்சயம் ஆனதுலேருந்து மகளோட முகம் குடுத்துப் பேசலையாம். நம்ம கால் மயிரைப் பார்த்தா எழுந்தே போயிருவாரு.

– அதுக்குத்தாண்டா ஆடணும். நேத்து கசுமா என்ன சொன்னான்? “மாமா ஒரே ஒரு தடவை சிரிச்சாப் போதும், அவ அழுகையை நிறுத்திருவா”ன்னான். அவன் பக்கம் நிக்க நம்மளை விட்டா நாதி ஏது? அந்த ஹெட்மாஸ்டர் அரிமுரா மூஞ்சியோ உப்புப் போட்டுக் காயவச்ச கானாங்கெளுத்தி. அதைச் சிரிக்க வைக்கப் பாவாடையை விட்டா வேற வழி இல்ல.

– மெதுவா பேசுங்க, யார் காதுலயாச்சும் விழப் போகுது.

– கக்கூஸ்ல எவன் இருக்கான்?

– மன்னிக்கவும். நான் இருக்கிறேன்.

– ஐயோ! கடைசிக் கதவுக்குள்ள! யாருங்க அது?

– அந்தக் கானாங்கெளுத்தி.

– மேஸ்திரி, நான் ஜன்னல் வழியா இறங்கிடறேன்.

– நில்லுடா! அரிமுரா ஐயா, நான் குரோபானே. படிக்காதவன், வாய்க்கு வேலி கிடையாது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, கசுமாவை விட்டுருங்க. மழையில கால் வழுக்கி விழ இருந்த என்னை ஒத்தக் கையால புடிச்சு நிறுத்தினவன் அவன்.

– அதை மகளும் சொன்னாள். நான்தான் பதில் சொல்லவில்லை. நிற்க, உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்கலாமா?

– கே... கேளுங்க.

– இரண்டாவது சரணத்தில் முயல் காது முதலில் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

– இடது பக்கம்ங்க. அது எதுக்கு உங்களுக்கு?

– இடதா! டிவியைப் பார்த்துப் பழகினேன். எல்லாம் பக்கம் மாறிப் போய்விட்டது.

– மேஸ்திரி! மைக்ல நம்மளைக் கூப்பிடறாங்க! நடு ஆளுக்கு என்ன பண்றது?

– கதவைத் திறக்கிறேன். இருவரும் சிரிக்கக் கூடாது. என் பாவாடை உங்களுடையதைவிடக் குட்டை.