குடிக்காத கிண்ணமும் கவிழ்ந்த பேரரசும்

கொதிக்கும் தேநீரை ஊதாமல் குடிக்கும் துணிச்சல்காரர், இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும் ஐயா ஜம்பல் அவர்களே! முன்வரிசையில் நிமிர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே! பால் கறந்த கை காயுமுன் ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று என்னையே சந்தேகமாகப் பார்க்கும் குதிரைக்காரத் தம்பிகளே! அனைவருக்கும் இந்தச் சோட்னோமின் பணிவான வணக்கம்.

மூன்று குதிரைகளைக் காணோம். அதனால் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. கூடார வீட்டில் ஆளில்லாவிட்டாலும் வழிப்போக்கன் உள்ளே வந்து அடுப்பு மூட்டிக்கொள்வது நம் வழக்கம். இனி அது கூடாதாம். கூடாரத்துக்குக் கூடாரம் பூட்டுப் போட வேண்டுமாம். சற்று நேரத்தில் கை தூக்கச் சொல்வார்கள். எனக்குச் சந்தேகம் இல்லையா? இருக்கிறது! இந்த மண்டபத்தில் பாதிப் பேர் மேல் இருக்கிறது! சிரிக்காதே ஓச்சிர், நீ அந்தப் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறாய்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றே குளிர்காலம். ஆனால் நம் பேரரசின் கதையை என்னைப் போல் சொல்ல நான்கு மாவட்டத்தில் ஆளில்லை. எப்பேர்ப்பட்ட பேரரசு! கிழக்குக் கடலோரம் பிறந்த குதிரைக்குட்டி மேற்கே நடக்கத் தொடங்கினால், எல்லையைத் தாண்டுமுன் கிழடாகிப் பல் கொட்டிவிடும்! குன்றும் நமது, கோட்டையும் நமது, குறுக்கே ஓடிய ஆறும் நமது! இவ்வளவையும் கட்டிக் காத்தது எது? வாளா? வில்லா? இல்லை, ஒரு மணி! தூதனின் இடுப்பு மணி தூரத்தில் ஒலித்ததும், அஞ்சல் நிலையத்தில் புதுக் குதிரைக்குச் சேணம் ஏறிவிடும். யார், எவர் என்று ஒரு கேள்வி உண்டா? கிடையாது!

பிறகு அரண்மனையில் அண்ணன் தம்பியைச் சந்தேகித்தான். தம்பி சமையல்காரனைச் சந்தேகித்தான். அந்தச் சந்தேகம் சாலைக்கும் வந்தது. தூதர்களுக்கு ஓர் உத்தரவு: 'வழியில் எதையும் குடிக்காதே.' நிலையக்காரர்களுக்கு ஓர் உத்தரவு: 'விசாரிக்காமல் குதிரை கொடுக்காதே.'

அப்போது இந்த ஊர் நிலையத்துக்குப் பொறுப்பாளர் யார்? பெல்குன்! என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். ஆதாரமா? என் மூக்கைப் பாருங்கள்! ஒரு விடியற்காலையில் துமேன் என்ற தூதன் தலைநகரிலிருந்து பறந்து வந்தான். எதிரி கணவாயை நெருங்கிவிட்டான், வடக்கே இருக்கும் நம் படை உடனே வர வேண்டும் என்ற ஓலை அவன் மடியில்.

"அண்ணே, குதிரையக் குடுங்க. தலை போற அவசரம்!"

"அவசரப்படாதப்பா. மொதல்ல இதக் குடி" என்று பெல்குன் ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பாலை நீட்டினார்.

"வேணாம்ணே" என்று துமேன் கிண்ணத்தைக் கையால் தள்ளினான்.

நம் மண்ணில் நீட்டிய கிண்ணத்தை மறுப்பவன் யார்? பகைவன்! பெல்குன் முகம் கறுத்தது. "ஏன்டா, என் வீட்டுப் பால் கசக்குமா?"

"இவ்ளோ வற்புறுத்துறீங்களே, உள்ள என்ன கலந்திருக்கு? நீங்க குடிங்க, பாப்போம்!"

"நீ தொட்ட கிண்ணம்டா அது! நீ என்னத்தப் போட்டியோ?"

விடிந்தது, வெயில் ஏறியது, உச்சி சாய்ந்தது. இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கிண்ணம்! பால் கறந்துவிட்டு வந்தாள் பெல்குன் மனைவி செச்செக். கிண்ணத்தை எடுத்தாள், ஒரே மூச்சில் குடித்தாள், வாயைத் துடைத்தாள்.

"ரெண்டு ஒட்டகமும் என்னத்த மொறச்சிக்கிட்டு நிக்கிறீங்க? வாசல்ல நுரை தள்ளி நிக்கிற குதிரைய ஒருத்தனாவது பாத்தீங்களா?"

துமேன் பறந்தான். படையும் பறந்தது. அரை நாள் தாமதம்! கணவாய் போனது, தலைநகர் போனது. பத்தாம் நாள், மணியும் இல்லாமல் முரசும் இல்லாமல், இதே சாலையில் தப்பியோடி வந்தார் பேரரசர். அவருக்கும் பெல்குன் பால் நீட்டினார். பேரரசர் குடிக்கவில்லை!

பெல்குனைத் திட்டுகிறீர்களா? திட்டுங்கள். அவர் இரத்தம்தான் நான். தீர்மானம் வருமுன்பே இந்த ஊரில் முதல் பூட்டு வாங்கியவன் நான். போன மாதம் பனிப்புயல் வந்தபோது, பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாள் கழித்துத் திரும்பினேன். பூட்டு பத்திரம். பொருள் பத்திரம். கதவடியில் ஒரு கையுறை, பனியில் விறைத்துக் கிடந்தது.

பூட்டை இழுத்துப் பார்க்க யாரோ கையுறையைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதோ, இதுதான். என் கைக்குள் நுழையவில்லை, அவ்வளவு சின்னது. நான்கு பள்ளத்தாக்கில் விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இதற்கு உரியவர் இந்த மண்டபத்தில் இருந்தால் எழுந்து வாருங்கள். அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

யாரும் இல்லையா?

ஐயா ஜம்பல் அவர்களே, இந்தத் தீர்மானத்துக்கு என் கை உயராது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோர் மந்தையும் இந்தக் குளிரைத் தாண்டட்டும். வணக்கம்.