கதவுக்குக் கீழே வந்த விரல்

எங்கள் தீவில், டாலிகஞ்ச் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மா, சீருடையில் இருந்த மகளின் கையை மடியில் பிடித்து வைத்திருந்தாள்.

"அம்மா, மெயின்லேண்டுக்குப் போன அத்தை நம்ம பின்ரூம்ல இருமுறாங்க."

"சுப் ரஹோ!" அந்த இந்தி அதட்டல் மட்டும் பஸ் முழுக்கப் புரிந்தது. பிறகு மெதுவாகத் தமிழில், "அப்பாதான அத்தைய கப்பல் ஏத்தி விட்டுட்டு வந்தாரு?"

"நேத்து கிளாஸ்ல எச்.ஐ.வி. பத்திச் சொல்லிக் குடுத்தாங்க. தொட்டா ஒட்டாதாம், ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாதாம். ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடத்தான் கூடாதாம். தினமும் மாத்திரை சாப்பிட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாமாம்."

"அத எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"உங்கிட்ட மட்டும் சொல்லல. சாயங்காலம் நீ கடைக்குப் போனப்ப அந்தப் பூட்டுன கதவுகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். உள்ள யாரோ அழுதாங்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம் கதவுக்குக் கீழ ஒரு விரல் வந்துச்சு. நான் புடிச்சுக்கிட்டேன். ஒட்டாதுல்லம்மா?"

அம்மா, மடியில் இருந்த மகளின் கையை விட்டாள்.